அந்தோனியாரின் தலையில் பச்சை

புறக்கோட்டையில் வாங்கிய ஒரு ‘கோல்ட் லீஃப்’ கட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், படங்களில் ஒட்டுகிற மெல்லிய பொன்நிறத் தாள். 25 தாள், 14 சென்ரிமீற்றர் சதுரம், 1,200 ரூபாய். கடையின் பெயர் வேண்டாம். விற்ற தம்பிக்கே அது என்ன உலோகம் என்று தெரியாது.

வாங்கியது நான் கீறிய புனித அந்தோனியார் படத்தில் தலையைச் சுற்றி வரும் ஒளிவட்டத்துக்கு. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிற ஆள் நான். வீட்டில் சுருவம் இருக்கிறது, ஆனால் அது காசு கொடுத்து வாங்கியது. இந்த முறை என் நேர்த்தி மெழுகுதிரியோடு முடியாமல் கைவேலையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பலகையில் சுண்ணத்தூளும் பசையும் கலந்து எட்டுப் பூச்சு. அதன்மேல் முட்டை மஞ்சட்கருவில் குழைத்த நிறம். மஞ்சட்கருவை உள்ளங்கை மாற்றி மாற்றி உருட்டி ஈரம் போக்கி, தோலைக் கிள்ளித் தூக்கிப் பிடித்து, அடியில் குத்தி வடிக்க வேண்டும். மிஞ்சிய வெள்ளைக்கருவில் ஒரு கிழமை முழுக்க ஒம்லெட். “சாமி படம் கீறுறியா, சாப்பாட்டுக் கடை போடுறியா?” என்றார் அம்மா. லிஸ்பனில் பிறந்து பதுவையில் இறந்தவருக்குப் கிழக்குத் திருச்சபைகளின் பைசாந்திய முறையா என்று எங்கள் ஃபாதரும் சிரித்தார். சிரிக்கட்டும்.

சரி, தாளுக்கு வருவோம். ஒட்டுவது சுலபம். அசல் பொன் தாள் விரல் பட்டாலே கந்தலாகிவிடும். இது கொஞ்சம் தடிப்பு, கையாலேயே எடுக்கலாம். பால் போல இருக்கிற பசை தெளிந்து பிசுபிசுப்பு வரும்வரை காத்திருந்து, தாளை விட்டு, மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். ஃபேன் மட்டும் கூடாது. ஏப்ரல் மாதக் கொட்டாஞ்சேனையில் ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஃபேன் இல்லாமல் இருந்து பாருங்கள். என் தம்பி அறைக்குள் வந்து பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டினான். ஒரு தாள் பறந்து போய் அம்மாவின் வியர்த்த நெற்றியில் ஒட்டியது.

ஒட்டி முடித்த அன்று அழகுதான். பைசாந்தியப் படங்களில் எதன் நிழலும் தரையில் விழாது, ஏனென்றால் அங்கே வெளிச்சம் வெளியிலிருந்து வருவதில்லை, பொன்தான் வெளிச்சம். சின்ன விளக்கில் அது புரிந்தது. யூன் 13 திருநாளுக்குப் படம் சுவரில் ஏறியது.

ஓகஸ்டில் இடது காதுக்கு மேலே பச்சை. கிட்டப் போய்ப் பார்த்தால் என் பெருவிரல் ரேகை, வரி வரியாக, பொலிஸ் எடுத்தது மாதிரி. தாள் பொன் அல்ல, பித்தளை: செம்பும் நாகமும் (துத்தநாகம்). என் வியர்வையும் துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன. மேலே பூச்சு ஒன்றும் போடாமல் விட்டது என் பிழை. ஆனால் கட்டின் உறையில் ‘பித்தளை’ என்று ஒரு சொல் போட்டிருக்கலாமே.

அசல் தாள் கேட்டுச் செட்டியார் தெருவுக்கும் போனேன். “தாளா அக்கா, தாலியா?” என்றார் நகைக் கடைப் பையன். தாள் கிடைக்கவில்லை. கடைசியில் வழி சொன்னவர் எங்கள் ஒழுங்கையில் தளபாடம் பொலிஷ் பண்ணுகிற பாஸ்தான்: ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, இரண்டு பூச்சு. கையுறை போட்டு ஒட்டி, அரக்கும் பூசினால் இந்தத் தாள் பரவாயில்லை. படச் சட்டத்துக்கும் பாலன் குடிலுக்கும் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுப்பேன். புனிதரின் தலைக்கு என்றால் ஒன்று.

அந்தோனியாரின் ஒளிவட்டத்தைச் சுரண்டிவிட்டு மஞ்சட் காவி பூசினேன். பளபளப்பு இல்லை, முகம் இப்போதுதான் தெரிகிறது. கையில் இருக்கும் குழந்தை இயேசுவின் சின்ன வட்டத்தை மட்டும் அரக்கு பூசி அப்படியே விட்டிருக்கிறேன். இன்னும் 19 தாள் மிச்சம். மார்கழியில் குடில் நட்சத்திரத்துக்கு ஆகும்.