ஆமைப்பட்டிக்கு வாசல் வைத்த கதை: மூன்று வருட அனுபவம்

போன வாரம் பட்டியின் வாசல் கதவைக் கழற்றி மாட்டினேன். நான்காவது முறை. கையில் ஸ்க்ரூடிரைவரோடு மண்ணில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து சிநேகிதியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: "உன் ஆமைக்குத் தோட்டத்துல கட்டினியே, எப்படிடி இருக்கு? நாங்களும் ஒண்ணு கட்டலாமா?" அந்த நிமிஷம் வாயில் வந்த பதிலை இங்கே எழுத முடியாது. ஆறட்டும் என்று ஒரு வாரம் விட்டேன். முழுக்க ஆறவில்லை.

அளவெல்லாம் ஆமை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது பண்ணையில் பிறந்த, காகிதமெல்லாம் சரியாக உள்ள ஒரு ஹெர்மன் ஆமை, ஐரோப்பாவைச் சேர்ந்த சின்னத் தரை ஆமை. ஆண், 17 செ.மீ., பெயர் கல்லு. பட்டி 4 மீட்டருக்கு இரண்டரை மீட்டர். செங்கல் சுவர், தரைக்கு மேலே 45 செ.மீ., மண்ணுக்குள் 30 செ.மீ. சல்கேட்டா என்கிற ஆப்பிரிக்கப் பெரிய ஆமையை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது வளர்ந்தால் நாற்பது கிலோவைத் தாண்டும், மீட்டர் கணக்கில் வளை தோண்டும், என் சுவரெல்லாம் அதற்குத் தூசு. நட்சத்திர ஆமைக்கு இதே பட்டி போதுமா என்று கேட்க நினைப்பவர்களுக்கு: அரிய உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு 2019-லேயே அது போய்விட்டது. அந்தப் பேச்சே வேண்டாம்.

இனி வாசல். சுவர் முழங்கால் உயரம்தான், நான் ஒரு எட்டில் தாண்டிவிடுவேன். அம்மாவால் முடியாது, முழங்கால் வலி. அம்மாவுக்காக ஒரு சின்னக் கதவு வைத்தேன். மரச்சட்டம், நடுவில் கோழிவலை. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வலை வைக்காதே, ஆமைக்கு வெளியே தெரிந்தால் வெளியேதான் போகும் என்று நான் படிக்காமல் இல்லை. படித்துவிட்டுத்தான் வைத்தேன்.

காலையில் வெயில் ஏறி உடம்பு சூடானதும் கல்லு கிளம்புவான். நேராக வாசல். வலையில் மூக்கை வைத்து, ஒரு முன்னங்காலைத் தூக்கிப் போட்டு, ஓட்டைச் சட்டத்தில் தேய்த்தபடி இடது கோடிக்குப் போவான். திரும்பி வலது கோடி. மறுபடி இடது. தகரத்தில் தேங்காய்ச் சிரட்டையை இழுப்பதுபோல ஒரு சத்தம், கர்ரக், கர்ரக். ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கும். ஐந்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் அடக்கத்துக்கு இந்தப் பிராணியைத்தான் உவமை சொல்வார்கள். சொன்னவர் வீட்டில் வலைக்கதவு இருந்திருக்காது.

மூன்று வருடத்தில் வாசலடியில் ஒரு முழ நீளத்துக்குப் பள்ளமே விழுந்துவிட்டது. நான்கு விரல் ஆழம். மழை பெய்தால் அதில்தான் தண்ணீர் தேங்கும். முதலில் கீல் துருப்பிடித்தது, அது முதல் ரிப்பேர். வலையின் கீழ்விளிம்பை முட்டி முட்டிப் பெயர்த்தான், அது இரண்டாவது.

செடி விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. நட்ட வாரமே கல்லுவை உள்ளே விட்டேன். தின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பாதியைத் தின்றான், மீதியின்மேல் ஏறிப் படுத்தான். இரண்டாம் முறை பட்டியைப் பலகை வைத்து இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் ஆமை, மறு பாதியில் செடி. வேர் பிடித்த பிறகு மாற்றினேன். தனிக் கன்றுகளுக்குக் கம்பிக்கூடையைக் கவிழ்த்து வைத்தேன். இப்போது செம்பருத்தி இடுப்புயரம் நிற்கிறது. அடிப்பக்கம் மட்டும் கத்தரியால் நறுக்கியதுபோல ஒரே மட்டம், அவன் கழுத்து எட்டும் உயரம் அது. மல்பெரிக்கு அந்தக் கவலை இல்லை, இலை தானாக விழும், அவன் கீழே காத்திருப்பான். சப்பாத்திக்கள்ளியில் சுண்ணாம்புச்சத்து நிறைய, ஆனால் பெரிய முள்ளோடு கண்ணுக்குத் தெரியாத மயிர்முள்ளையும் எடுத்துவிட வேண்டும். என் விரலைக் கேட்டால் சொல்லும்.

நர்சரிச் செடியை வாங்கி வந்த கையோடு நடக்கூடாது என்பதையும் பிறகுதான் கற்றேன். அந்தத் தொட்டி மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் உருண்டை கிடக்கும், கண்ணில் பட்டால் ஆமை கடித்துப் பார்க்கும். அடித்த பூச்சிமருந்து வேறு செடிக்குள் ஊறியிருக்கும். வேரைக் கழுவி, வேறு மண்ணில் சில மாதம் தனியாக வளர்த்து, புது இலை விட்ட பிறகுதான் பட்டிக்குள் வைக்கிறேன். பட்டி கட்டிய இடத்தில் முன்பு ஓர் அரளி இருந்தது. வேரோடு எடுத்து, மண்ணைச் சலித்து, சருகுகளையும் பொறுக்கினோம். அரளி காய்ந்தாலும் விஷம் போகாது.

மூன்றாவது ரிப்பேர்தான் என்னால் மறக்க முடியாதது. மற்ற மூலைகளில் கல் அடுக்கி வளைவாக்கியிருந்தேன், ஆமை மூலையில் ஏறிக் கவிழும் என்பதற்காக. வாசல் மூலையில் கதவு திறக்க வேண்டுமே, அதனால் அப்படியே விட்டிருந்தேன். ஒரு மதியம் சத்தம் நின்றுபோனது. அப்பாடா என்று இருந்துவிட்டேன். அம்மா கத்திய பிறகுதான் ஓடினேன். மல்லாக்கக் கிடந்தான். அடியோட்டின் இரண்டு கறுப்புப் பட்டைகளும் வானத்தைப் பார்த்திருந்தன, பின்னங்கால் ஒன்று மட்டும் காற்றில் மெதுவாகத் துழாவியது. உச்சி வெயிலில் கவிழ்ந்த ஆமை சூடேறியே செத்துப்போகும். தூக்கி நிழலில் வைத்து, ஆழமில்லாத தட்டில் தண்ணீர் விட்டேன். கால் மணி நேரம் தலையை வெளியே நீட்டவில்லை. அன்று மாலையே வலையை மறைத்துப் பலகை அடித்தேன், அந்த மூலையையும் கல் வைத்து வளைத்தேன்.

மூன்று நாள் நிம்மதி. கல்லு செம்பருத்தி அடியில் படுத்தான், மண்மேட்டில் ஏறி வெயில் காய்ந்தான், வாசல் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் அம்மா வந்து நின்றார்.

"பலகையை வச்சு அடைச்சிட்டியே, நான் எப்படிக் குடுக்கிறது?"

"என்னத்தைம்மா குடுக்கிறது?"

செம்பருத்திப் பூ. மூன்று வருடமாகத் தினமும் காலையில் ஒரு பூ, வலைக் கண்ணி வழியாக, குனியாமல், காம்பைப் பிடித்து நீட்டி! கதவைத் திறந்து உள்ளே போனதே இல்லையாம், அந்தப் படி உயரமாம். நான் வலையைத் திட்டினேன், ஆமையைத் திட்டினேன், ஆமையின் மூளை அளவைப் பற்றியெல்லாம் யோசித்தேன். அவன் வாசலில் நின்று கேட்டது தோட்டத்தையா பூவையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் செருப்புச் சத்தத்துக்குத் தலை தூக்குகிறான் என்பதை மட்டும் நானே பார்த்தேன். எனக்குத் தூக்குவதில்லை.

நான்காவது ரிப்பேர் என்னவென்று புரிந்திருக்கும். பலகையில் அம்மாவின் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. இன்று காலை ஆறரைக்கு அந்த ஓட்டைக்கு நேர்கீழே கர்ரக்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் விளக்கடியில் இருந்த இரண்டு வருடத்தில் இவன் மேலோடு மேடுமேடாகக் கூம்பிக்கொண்டு வந்தது. வெயிலுக்குப் பதிலாகப் போடும் புறஊதா பி (UVB) விளக்குக் குழலை மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தும் அப்படி. சல்கேட்டாக் குஞ்சுகளை வைத்து 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஓடு கூம்புவதில் தீனியின் புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதத்துக்கே பங்கு அதிகம் என்றது. எங்கள் விளக்கடி எலும்பாகக் காய்ந்து கிடக்கும். இப்போது செடியடி மண் எப்போதும் ஈரம், வெயிலும் கண்ணாடி வழியாக வராமல் நேராக விழுகிறது. ஓட்டின் தகடுகளுக்கு நடுவே புதிதாக வளர்ந்த வரிகள் மட்டமாக, வழவழவென்று இருக்கின்றன. விரலால் தடவினால் பழையது எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது என்று தெரியும். நான் கட்டியவற்றில் உருப்படியானது இது ஒன்றுதான்.

உன் கேள்விக்குப் பதில்: கட்டாதேடி. இல்லை, கட்டியே தீருவேன் என்றால் சுவரை முழங்காலுக்குக் கீழே வை, வாசல் மட்டும் வைக்காதே. உங்கம்மாவுக்கு முழங்கால் நன்றாகத்தானே இருக்கிறது?