கிளாரித்ரோமைசினா, அசித்ரோமைசினா?

செங்கோட்டை அத்தை இரவில் பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை 0.25 மில்லிகிராம் சாப்பிடுகிறார். புனலூரில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. அங்கே ஒரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எழுதினார். பழைய மருந்துச் சீட்டோ ஊரில் கிடந்தது. மூன்றாம் நாள் அத்தை எழுந்ததே பத்து மணிக்கு. காப்பித் தம்ளரைப் பிடித்த கை தள்ளாடியது.

அல்பிரசோலத்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை கிளாரித்ரோமைசின் முடக்கிவிடும். மாத்திரை இரத்தத்தில் தேங்கும். அசித்ரோமைசின் அதே குடும்பம்தான், ஆனால் அந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. அல்பிரசோலம் சாப்பிடுபவருக்கு இதுவே மேல் என்பேன். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுபவர் என்றால் கதை வேறு: அதோடு சேர்ந்தால் இந்த இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளுமே இதயத் தாளத்தைக் குலைக்கக்கூடும், மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பயந்துபோய் அல்பிரசோலத்தைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. நாள்பட்டுச் சாப்பிடுபவருக்கு வலிப்புகூட வரலாம். இப்போது சீட்டு அத்தையின் சுருக்குப்பையில், வெற்றிலையோடு.