டிடியு ஜிகேஒய் பயிற்சி: வேலை வாங்கித் தருகிறது, நிலைக்க வைக்கிறதா?

ஒன்றியத்தில் நடக்கும் இளைஞர் திறன் திருவிழாவில் "இலவசப் பயிற்சி, ஹாஸ்டல், சாப்பாடு, முடித்ததும் வேலை" என்று நோட்டீஸ் கொடுப்பார்கள். அவற்றில் பல டிடியு ஜிகேஒய் (தீன் தயாள் உபாத்யாய கிராமீண கௌசல்ய யோஜனா) என்ற, கிராமத்து இளைஞர்களுக்கான மத்திய அரசுத் திறன் பயிற்சித் திட்டத்தின் கீழ் வருபவை. 2014 செப்டம்பர் 25-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் நடத்துகிறது, ஊர்ப்பக்கம் மகளிர் திட்ட ஆபீஸ் என்றால்தான் தெரியும். 15 முதல் 35 வயது வரை உள்ள கிராமத்துப் பிள்ளைகள் சேரலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை. வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ள வீடு, 100 நாள் வேலையில் 15 நாளாவது வேலை பார்த்த வீடு, சுய உதவிக் குழு உறுப்பினர் வீடு, இதில் ஏதாவது ஒன்றாக இருந்தால் போதும்.

குறைந்த அளவுப் பயிற்சி 576 மணி நேரம், அதாவது மூன்று மாதம். நீண்டது 2,304 மணி நேரம், ஒரு வருடம். கற்றுக்கொள்ளும் தொழிலோடு பேச்சு, பழக்கவழக்கம், அடிப்படை ஆங்கிலம், கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு 160 மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பது விதி. இந்தத் திட்டத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இந்த 160 மணி நேரம்தான். தையலோ நர்சிங் உதவியாளர் வேலையோ கம்பெனிக்குப் போயும் பழகலாம். முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது தலை நிமிர்ந்து பதில் சொல்ல வேறு எங்கே பழகுவது?

ஆனால் இந்த வகுப்பை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துத்தான் மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மோசமான மையத்தில் "மை நேம் இஸ், ஐ ஆம் கம்மிங் ஃப்ரம்" என்று ஒரே பத்தியை முப்பது பேரும் மனப்பாடம் செய்வார்கள். கம்பெனியில் ஆள் எடுக்கும் எச்.ஆர். குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் அதோடு நின்றுவிடும். நல்ல மையத்தில் தமிழிலேயே தொடங்குவார்கள்: "வீட்டில் என்ன வேலை பார்த்தாய்? எத்தனை மணிக்கு எழுந்தாய்?" தம்பி தங்கையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆட்டைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு, நேரத்துக்கு வேலை முடிப்பதும் பொறுப்பு எடுத்துக்கொள்வதும் ஏற்கெனவே கைவந்தவை. அதை இரண்டு வரியில் சொல்ல வைப்பதுதான் பயிற்சி. மாதிரி நேர்காணல் ஒருவருக்குக் குறைந்தது நான்கு முறையாவது, அதுவும் வகுப்பு ஆசிரியர் அல்லாத வேறொருவரை வைத்து நடக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

அடுத்தது பெயர். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பின்னால் பணத்தை முடக்கும். மார்க் ஷீட்டில் 'முத்துலட்சுமி எஸ்', ஆதாரில் 'எஸ். முத்துலட்சுமி', பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயரை முழுதாக விரித்து 'முத்துலட்சுமி செல்வம்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணினிக்கு அப்படியில்லை. வேலையை விட்டபின் பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பித்தால் இந்த இனிஷியல் ஒன்றாலேயே திருப்பி அனுப்பப்படலாம். ஆகவே முதல் வாரமே ஆதாரில் பெயர், பிறந்த தேதி, செல்போன் எண் மூன்றையும் சரிசெய்து, அதே எழுத்தில் பாஸ்புக்கையும் மாற்ற வேண்டும். இதை ஒரு பாடமாகவே வைத்திருக்கும் மையங்களும் உண்டு. இல்லாத மையத்தில் நீங்களே செய்துகொள்ளுங்கள். ஒரிஜினல் சான்றிதழை மையத்திலோ கம்பெனியிலோ ஒப்படைக்காதீர்கள். காட்டிவிட்டு ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.

பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேருக்காவது மையம் வேலை வாங்கித் தர வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வாங்கினால்தான் அது கணக்கில் ஏறும். நல்ல நோக்கத்தில் போட்ட விதிதான். ஆனால் எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய நெருக்கடியில், தையல் படித்தவரை பேக்கிங்குக்கும், நர்சிங் உதவி படித்தவரை ஹவுஸ்கீப்பிங்குக்கும் அனுப்பிவிடுவது நடக்கிறது. "போன பேட்ச் எங்கே வேலை பார்க்கிறார்கள், இரண்டு பேர் நம்பர் கொடுங்கள்" என்று கேளுங்கள். நல்ல மையம் தயங்காது.

பலர் வேலையை விடுவது முதல் சம்பளத்தில்தான். 15,000 ரூபாய் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் பி.எஃப். 12 சதவீதம், 1,440 ரூபாய். மொத்தச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். கையில் வருவது 13,447. ஹாஸ்டல், சாப்பாட்டுக்குப் பிடித்தால் இன்னும் குறையும். இந்தக் கணக்கை வகுப்பிலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டியிருந்தால் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று பிள்ளைகள் பெட்டியைக் கட்ட மாட்டார்கள். இ.எஸ்.ஐ.க்குப் பிடித்த அந்த 113 ரூபாயால் சேர்ந்த நாளிலிருந்தே மருத்துவம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருப்பூருக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: ஒரு ஷிஃப்டுக்கு எவ்வளவு, ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தால் எவ்வளவு, தைத்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டா என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இடறல் ஊர்த் திருவிழா. பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ சொல்லாமல் போய், பத்து நாள் கழித்து வந்தால் இடம் இருக்காது. அந்த வெட்கத்தில் பாதிப்பேர் மீதிச் சம்பளத்தைக் கூடக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். லீவு கேட்பதை எந்த மையத்திலும் போதுமான அளவு பழக்குவதில்லை, இந்தத் திட்டத்தின் பெரிய குறை இதுதான். "சார், காய்ச்சல். இன்னைக்கு ஷிஃப்டுக்கு வர முடியாது, நாளைக்கு வந்துடுவேன்": இந்த ஒரு மெசேஜை ஷிஃப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசருக்கு அனுப்பத் தெரிந்தாலே வேலை தங்கும். மேலதிகாரியிடம் பேசப் பயந்து நண்பன் மூலம் சொல்லி அனுப்புவதில்தான் எல்லாம் கெடுகிறது. பிள்ளைகளையே நடிக்க வைத்து இதைப் பழக்க ஒரு மணி நேரம் போதும்.

வேலைக்குச் சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை தர இந்தத் திட்டத்தின் 2016 நெறிமுறைகளில் இடம் உண்டு: சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் மூன்று, வெளிமாநிலம் என்றால் ஆறு. அறை வாடகையும் முன்பணமும் கழுத்தைப் பிடிக்கும் நேரத்தில் இது பெரிய உதவி, ஆனால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சேரும் நாளிலேயே மையத்தில் இதைக் கேட்டுவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்தபின் பே ஸ்லிப்பையும் சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கத்தையும் மாதாமாதம் போட்டோ எடுத்து மையத்துக்கு அனுப்பி, அனுப்பியதற்கான பதிலையும் வைத்துக்கொள்ளுங்கள்.