"ஹெட் கேஸ்கட் போயிருச்சு" என்று சொன்னால், ஹெட்டை இறக்க விடும் முன் இதைப் படியுங்கள்

கார்புரேட்டர் காலத்து மாருதி ஜென் கார் ஒன்று. கத்திப்பாரா நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறுகிறது, ஜிஎஸ்டி ரோட்டில் வேகம் பிடித்தால் தானாக இறங்கிவிடுகிறது. வண்டிக்காரர் இதைப் பட்டறையில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். பானட்டைத் திறந்து பார்த்த கையோடு பதில் வந்தது: "ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார், ஹெட்டை இறக்கணும்." ஹெட் என்பது எஞ்சினின் மேல் பாகம்; அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே வாயுவும் தண்ணீரும் கலக்காமல் அடைப்பதுதான் கேஸ்கட். ஒரு டெஸ்ட் கூட எடுக்கவில்லை. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் போட்டு (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கி), புது கேஸ்கட் வைத்து, பெரிய பில்லும் நீட்டினார்கள். வண்டி வெளியே வந்ததும் கிண்டி சிக்னலில் முள் மறுபடியும் சிவப்பில். கடைசியில் கெட்டிருந்தது ரேடியேட்டர் ஃபேனை ஓட்டும் தெர்மோ சுவிட்ச். சில நூறு ரூபாய் சாமான்.

இது சின்னத் தவறு இல்லை. நின்றால் சூடு, ஓடினால் சரி என்பது ஃபேன் பக்கம் கை காட்டும் அறிகுறி. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிற்கும்போது ஃபேன் மட்டும்தான். ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை ஃபியூஸ், ரிலே, மோட்டார், சுவிட்ச். தெர்மோ சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் நன்றாக இருக்கின்றன, சுவிட்ச்தான் போயிருக்கிறது. இன்ஜெக்ஷன் வண்டியில் ஃபேனை ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் ஓட்டும்; அங்கே இப்படி ஷார்ட் செய்யக் கூடாது. எஞ்சின் ஓடும்போது கூலன்ட் சென்சார் கனெக்டரைக் கழற்றினால் பல மாடல்களில் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும். புது மோட்டார் போட்ட வண்டி என்றால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்றும் பாருங்கள். முன்பக்கம் வைத்த காகிதம் உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபேன் சுற்றும், ஆனால் காற்றை முன்னே தள்ளும், சூடு குறையாது. ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டைக் கழற்றிப் போட்டுவிட்ட பழைய வண்டிகளும் நிறைய ஓடுகின்றன. அதுவும் சூட்டுக்கு ஒரு காரணம்.

கதை தலைகீழாக இருந்தால், அதாவது ஊருக்குள் சரி, ஓஎம்ஆர் ரோட்டில் 80-க்கு மேல் போனால் சூடு என்றால், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் இறக்கை அரித்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பையாகலாம். காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே முள் ஏறி, மேல் ஹோஸோ ரேடியேட்டரோ சூடாகாமல் இருந்தால் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியபடி சிக்கியிருக்கலாம். அதைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம். 82 டிகிரி என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. 0.9 (பார்) என்று பொறித்த மூடி சிஸ்டத்தில் அந்த அழுத்தத்தைத் தாங்கினால் வெறும் தண்ணீரே கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தை விட்டுவிடும்; 100-லேயே கொதித்து ரிசர்வ் டப்பா வழியாக வழியும். இதைக் காட்டி "கேஸ் அடிக்குது", அதாவது கேஸ்கட் போய் எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறது என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.

கேஸ்கட் உண்மையிலேயே போயிருந்தால் அதை நிரூபிக்க வழி இருக்கிறது, உங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் நீல திரவக் குழாயை வைத்து வாயுவை இழுக்கும் டெஸ்ட்: பெட்ரோல் எஞ்சினில் எரிந்த வாயு வந்தால் நீலம் மஞ்சளாகும். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்: அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் சேர்ந்து குறைவாகக் காட்டினால் நடுவே கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். பிரஷர் டெஸ்ட்: கூலிங் சிஸ்டத்துக்குள் மூடியில் எழுதிய அழுத்தத்துக்குக் காற்றை பம்ப் செய்து 15 நிமிடம் விட்டால் முள் இறங்கக் கூடாது, இறங்கினால் முதலில் ஹோஸ், பம்ப், ரேடியேட்டர் என்று வெளிக் கசிவைத் தேட வேண்டும். ஆயில் மூடிக்கு அடியில் லேசான வெள்ளைப் பிசுக்கு மட்டும் சான்றாகாது. தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்து அப்படித்தான் இருக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் கவலைப்படுங்கள்.

ஹெட் இறக்கித்தான் ஆக வேண்டும் என்று ஆனால், நேர் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவைக் காட்டச் சொல்லுங்கள். பல சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. அளக்காமல் ஃபேசிங் போடுவது உலோகத்தை வீணாகச் சீவுவது. போல்ட்டை டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர்), நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக முறுக்க வேண்டும். கை அனுபவம் போதும் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பழைய கேஸ்கட்டைக் கேட்டு வாங்குங்கள். எரிந்து உடைந்த இடம் அதில் பெரும்பாலும் தெரியும்.

"தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா சூடாகாது, நம்ம ஊருக்கு அது தேவையில்லை" என்பது சென்னையில் வேரூன்றிய பேச்சு. சில எஞ்சின்களில் அந்த வால்வுதான் பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அதை எடுத்தால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி இன்னும் சூடாகும். மற்றவற்றில் எஞ்சின் வேலைச் சூட்டுக்கே வராமல் பெட்ரோல் குடிக்கும். லீக் அடைக்கும் பவுடரும் வேண்டாம், ஹீட்டர் குழாயை அதுவே அடைத்துவிடும்.

போர் தண்ணீர் ஊற்றும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாயில் படிந்து வழியைச் சுருக்கும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி, அல்லது கலந்தே விற்கும் கூலன்ட். ஊற்றும்போது வண்டி முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க, ஹீட்டர் முழுச் சூட்டில், மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை குறையக் குறைய ஊற்ற வேண்டும். உள்ளே காற்று தங்கினால் மறுநாளே முள் ஏறும், பட்டறையில் மறுபடி ஹெட்டைத்தான் காட்டுவார்கள்.