பேஸ்ட் ஃபில் ஆலை: வாங்கலாமா?

நிலத்தடிச் சுரங்கத்தில் தாது வெட்டி முடித்த ஸ்டோப்புகளை, அதாவது காலி அறைகளை, நிரப்புவது என் வேலை. மணலைத் தண்ணீரோடு கலந்து அனுப்பும் ஹைட்ராலிக் ஃபில்லை விட்டுவிட்டு, அரைத்த கழிவைச் சிமென்ட்டோடு கெட்டிப் பசையாக்கி அனுப்பும் பேஸ்ட் ஃபில் ஆலைக்கு மாறிவிட்டோம். என்னைக் கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் விற்பவர் சொல்வதை எல்லாம் அப்படியே நம்ப வேண்டாம்.

பழைய முறையில் நிரப்பியதிலிருந்து தண்ணீர் வடிந்தாக வேண்டும். அதனால் டெய்லிங்ஸில் (தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவில்) மணலை மட்டும் எடுத்துக்கொண்டு, நுண்தூளைக் கழிவுத் தேக்க அணைக்கு அனுப்பிவிடுவோம். பேஸ்ட்டுக்கு அந்த நுண்தூள்தான் உயிர். 20 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் 15 சதவீதமாவது இருந்தால்தான் கலவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, குழாயை அடைக்காமல் ஓடும். பதம் சரியாக இருந்தால், பதம் பார்க்க நிரப்பிய ஸ்லம்ப் கூம்பைத் தூக்கியதும் கலவை பளபளவென்று மெதுவாகத் தாழ்ந்து உட்காரும். ஓரத்தில் தெளிந்த நீர் கசிந்தால் ஆபரேட்டர் உடனே நிறுத்திவிடுவார். ஸ்டோப்பின் வாயை அடைக்கும் தடுப்புச் சுவருக்கு வெளியே முழங்கால் அளவு சேற்றில் நின்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

சிமென்ட் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். ஆலை போட்டவர்கள் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டே போதும் என்றார்கள். எங்கள் தாதுவில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் அதிகம். 28 நாளில் நன்றாக இறுகிய மாதிரி உருளைகள், 90 நாளில் வலு இழந்திருந்தன. பைரைட்டிலிருந்து வரும் சல்பேட்டின் வேலை. உருக்காலைக் கசடுத் தூளைப் பெருமளவு சேர்த்த பிறகுதான் சரியானது. ஒப்பந்தத்துக்கு முன்பே உங்கள் டெய்லிங்ஸ், உங்கள் ஆலைத் தண்ணீர் இரண்டையும் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், 'கழிவே இல்லாத சுரங்கம்' என்ற பேச்சு. உடைத்து அரைத்த பாறை பழைய இடத்தில் அடங்காது, பருத்துவிடும். ஏறக்குறைய பாதிதான் கீழே திரும்பும். மீதிக்கு அணை வேண்டும். 2019இல் பிரேசிலின் புருமாடின்யோவில் அணை உடைந்து 270 உயிர்கள் போயின. அதை நினைக்கும்போது அந்தப் பாதியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பாதை வெட்டும்போது வரும் கழிவுப் பாறைக்கு ஆலையே தேவையில்லை. மேலே ஏற்றாமல், பக்கத்தில் விட்டுவைத்த தாதுத் தூணை இனி வெட்டப்போவதில்லை என்றாகிவிட்ட காலி ஸ்டோப்பில் கொட்டிவிடுங்கள். ஆலை வருவதற்கு முன்பே இதைத் தொடங்கலாம்.

இன்னொன்று: ஒவ்வொரு முறை நிரப்பியதும் குழாயைக் கழுவும் தண்ணீர் எங்கே போகும் என்று வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு யாரும் காட்டவில்லை. அந்தச் சிமென்ட் தண்ணீர் இன்றும் எங்கள் சம்ப்பில்தான், அதாவது சுரங்க நீர் சேரும் குழியில்தான், வந்து படிகிறது.