தினமும் கட்ட எது நல்லது: சப்மரீனரா, சீமாஸ்டரா, பிளாக் பேயா?

டைவ் வாட்ச் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கடலுக்கு அடியில் போகப் போவதில்லை. இது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். பொழுதுபோக்குக்காக ஸ்கூபா டைவிங் செய்பவர்களுக்கே 40 மீட்டர்தான் எல்லை. ஆகவே ரோலெக்ஸ் சப்மரீனரும் ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300எம்மும் 300 மீட்டர் தாங்கும், டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி எய்ட் 200 மீட்டர்தான் என்ற கணக்கை முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம். காலையில் கட்டி இரவில் கழற்றும் ஒருவருக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. சட்டைக் கைக்குள் போகுமா? மதியம் கை வீங்கும்போது இறுக்குமா? லேப்டாப்பை ஒட்டி வைத்தால் என்ன ஆகும்? முதல் கீறல் விழும்போது மனசு எவ்வளவு பதறும்?

மூன்றும் எஃகு, மூன்றும் ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறுவது), மூன்றுக்கும் சபையர் கண்ணாடி, ஐந்து வருட உத்தரவாதம். விலையில் டியூடர் கீழே, ஒமேகா நடுவில், ரோலெக்ஸ் உச்சியில். ஒரு சப்மரீனரின் கடை விலையில் இரண்டு பிளாக் பே வாங்கிவிட்டு மீதியும் வைத்துக்கொள்ளலாம்.

கையில் உட்காரும் விதம்

விளம்பரத்தில் விட்டத்தை மட்டும் பெரிதாகப் போடுவார்கள். தினசரி வாழ்க்கையில் தொல்லை கொடுப்பது தடிமன்தான். பிளாக் பே 39 மி.மீ. விட்டம், 11.9 மி.மீ. தடிமன். சப்மரீனர் 2020இல் 40இலிருந்து 41 மி.மீட்டருக்கு வளர்ந்தது, தடிமன் 12.5க்குப் பக்கத்தில். சீமாஸ்டர் 42 மி.மீ., தடிமன் பதின்மூன்றரைக்கு மேல். பின்பக்கம் கண்ணாடி வைத்து எந்திரத்தைக் காட்டுகிறார்கள், அதற்குக் கொடுக்கும் விலையில் இந்தத் தடிமனும் அடக்கம். பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை அணிபவர் இந்த ஒன்றரை மி.மீ. வித்தியாசத்தை நாள் முழுக்க உணர்வார். சீமாஸ்டரின் மேல் விளிம்பில் சட்டைக் கை மாட்டிக்கொண்டு நிற்கும், அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அரைக்கைச் சட்டைக்காரர் இந்தப் பத்தியையே தாண்டிப் போகலாம்.

சீமாஸ்டரில் பத்து மணிப் பக்கம் இன்னொரு கிரவுன், அதாவது நேரம் வைக்கும் திருகு போன்ற ஒன்று, துருத்திக்கொண்டிருக்கும். அது ஹீலியம் வால்வு. ஆழ்கடலில் அழுத்த அறைக்குள் நாள்கணக்கில் தங்கி வேலை செய்பவர்கள் சுவாசிக்கும் ஹீலியம் வாட்சுக்குள் புகுந்துவிடும். அவர்கள் மேலே வரும்போது அது வெளியேற வழி வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியே தெறித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அது வெறும் ஒரு புடைப்பு.

இனி கிளாஸ்ப், அதாவது பிரேஸ்லெட் என்ற உலோகப் பட்டையைப் பூட்டும் கொக்கி. மூன்றையும் பிரித்துக் காட்டுவது டயலோ எந்திரமோ இல்லை, இதுதான் என்பது என் எண்ணம். மணிக்கட்டு ஒரு நாளைக்குள்ளேயே வீங்கும், வற்றும். காலையில் சரியாக இருந்த பிரேஸ்லெட் மதிய வெயிலில் இறுக்கும், ஏசி அறையில் தொளதொளவென்று தொங்கும். சப்மரீனரின் கிளைட்லாக் கிளாஸ்பைத் திறந்து, கருவி எதுவும் இல்லாமல், 2 மி.மீ. படிகளில் சுமார் 20 மி.மீ. வரை நீட்டிக்கொள்ளலாம். டைவிங் உடைக்கு மேல் கட்டுவதற்காகச் செய்த வசதி, வியர்த்த கைக்கும் அப்படியே உதவுகிறது. ஒமேகாவிலும் உள்ளே ஒரு பொத்தானை அழுத்திச் சில படிகள் நகர்த்தலாம். நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் கிளாஸ்ப் கொஞ்சம் பருமன். மேஜையில் கையை வைத்துத் தட்டச்சு செய்யும்போது அந்தப் பருமன் உறுத்தும். 2018இல் வந்த முதல் பிளாக் பே ஃபிஃப்டி எய்ட்டில் இந்த வசதி கிடையாது. கிளாஸ்பின் ஓரத்தில் உள்ள துளைகளில் ஊசி முனைக் கருவியை விட்டு, பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பார் என்ற சின்னக் கம்பியை இடம் மாற்ற வேண்டும். யார் தினமும் அதைச் செய்வார்கள்? டியூடருக்கும் இது புரிந்தது போல, டி-ஃபிட் என்ற நகரும் கிளாஸ்பைப் பின்னால் வந்த பல மாடல்களில் வைத்தார்கள். பழையது வாங்குகிறவர் கையிலிருப்பது எந்த கிளாஸ்ப் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ட்ராப் மாற்றி மாற்றிப் போடும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒமேகாவுக்கும் பிளாக் பேக்கும் லக் இடைவெளி (ஸ்ட்ராப் மாட்டும் இரு கொம்புகளுக்கு நடுவே உள்ள அகலம்) 20 மி.மீ., அந்த அளவு ஸ்ட்ராப் எங்கும் கிடைக்கும். சப்மரீனர் 2020இலிருந்து 21 மி.மீ. ஆகிவிட்டது. தேடித்தான் வாங்க வேண்டும்.

காந்தம் என்ற கண்ணுக்குத் தெரியாத தொல்லை

தண்ணீரைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு யாரும் காந்தத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் இன்றைக்கு வாட்ச் தினமும் சந்திப்பது காந்தத்தைத்தான்: டேப்லெட் மூடி, ஸ்பீக்கர், ஹெட்போன் டப்பா, மொபைலின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் சார்ஜர், கைப்பையின் பூட்டு. வாட்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீளம் குறைந்தது போல ஆகிவிடுவதால் வாட்ச் வேகமாக ஓடத் தொடங்கும், சில சமயம் நாளுக்குப் பல நிமிடங்கள். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வாட்ச் திடீரென்று இப்படிப் பறந்தால், எந்திரம் போய்விட்டது என்று பயப்படுவதற்கு முன்னால் காந்தத்தைச் சந்தேகியுங்கள். காந்தம் நீக்கும் சின்னக் கருவியில் சில நொடி வேலை அது.

டைவ் வாட்ச்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரம் கேட்கும் காந்தத் தாங்குதிறன் மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது 60 காஸ் அளவு (காஸ் என்பது காந்தப் புலத்தின் அலகு). ஒமேகா சீமாஸ்டரின் 8800 எந்திரம் 15,000 காஸ் தாங்கும் என்று சுவிஸ் அளவியல் நிறுவனமான மெட்டாஸ் சோதித்துச் சான்று தருகிறது. வாட்சின் கூடான கேசுக்குள் இரும்புக் கூண்டு எதுவும் வைக்காமல், எந்திரத்தின் பாகங்களையே காந்தம் பிடிக்காத பொருள்களில் செய்து இதைச் சாதித்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் சப்மரீனரும், மெட்டாஸ் சான்று பெறாத பிளாக் பே மாடல்களும் பக்கத்தில்கூட வர முடியாது. ரோலெக்ஸின் நீல நிறப் பாராக்ரோம் ஹேர்ஸ்பிரிங் நியோபியம், சிர்கோனியம் கலவை. பிளாக் பேயில் சிலிக்கான். இரண்டும் காந்தத்துக்கு மசியாதவை, எனவே சாதாரண வீட்டில் பிரச்சினை வருவது அரிது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை, பெரிய மோட்டார்கள், ஒலிக் கருவிகள் இவற்றுக்கு நடுவே வேலை செய்பவர் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், ஒமேகாவை வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரத் துல்லியத்தில் ரோலெக்ஸ் நாளுக்கு இரண்டு நொடி முன்பின் என்கிறது. ஒமேகா பூஜ்யத்திலிருந்து கூடுதல் ஐந்து நொடி வரை, அதாவது பின்தங்கவே கூடாது. பிளாக் பேக்கு சுவிஸ் துல்லியச் சோதனை அமைப்பான சி.ஓ.எஸ்.சி.யின் சான்று: மைனஸ் நாலிலிருந்து பிளஸ் ஆறு நொடி. எப்படியும் எல்லாம் மாதத்துக்கு மிஞ்சினால் மூன்று நிமிடச் சமாச்சாரம். இரவில் டயல் மேலே பார்க்க வைப்பதா, கிரவுன் மேலே வருமாறு சாய்த்து வைப்பதா என்று மாற்றிப் பார்த்தாலே சில நொடிகளை ஈடுகட்டலாம்.

ரோலெக்ஸும் டியூடரும் 70 மணி நேரம் ஓடும், ஒமேகா 55. தினமும் கட்டுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெள்ளி இரவு கழற்றி திங்கள் காலை எடுப்பவருக்கு மட்டும் ஒமேகா நின்றுபோயிருக்கும். அப்போது சாவி கொடுத்து, நேரம் வைத்து, தேதியையும் சரி செய்ய வேண்டும். பிளாக் பேயில் தேதியே இல்லை என்பதால் அந்த வேலையும் இல்லை. சப்மரீனர் இரண்டு விதமாகவும் வருகிறது. தேதி உள்ளதில் கண்ணாடி மேல் அந்தப் பெரிதாக்கும் குமிழும் சேர்ந்து வரும். தேதி பார்க்க மொபைல் இருக்கிறது, எனக்கு அந்தக் குமிழ் வேண்டாம்.

கீறலும் அடியும்

ரோலெக்ஸிலும் ஒமேகாவிலும் டயலைச் சுற்றியுள்ள பெசல் வளையம் செராமிக். பத்து வருடம் ஆனாலும் கீறாது, வெளுக்காது. ஆனால் கல் தரையில் விளிம்பு பட விழுந்தால் விரிசல் விடலாம், அப்புறம் முழுதாக மாற்ற வேண்டியதுதான், அது மலிவும் அல்ல. பிளாக் பேயில் அலுமினியம். கதவு நிலையில் இடித்தால் கோடு விழும், வருடங்கள் போகப் போக நிறம் மங்கும். மாற்றுவதும் சுலபம், மாற்றாமல் விட்டாலும் அழகாகவே மங்கும். சுவரில் இடிக்கும் தினசரி வாழ்க்கைக்கு எனக்கு அலுமினியமே மேல் என்று தோன்றுகிறது. புதுசு போலவே இருக்க வேண்டும் என்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சீமாஸ்டரின் பிரேஸ்லெட்டில் பளபளப்பான கண்ணிகள் உண்டு. அவை ஒரே மாதத்தில் மயிரிழைக் கோடுகளால் நிரம்பிவிடும். சப்மரீனரின் மேற்பரப்பு பிரஷ் போட்டது, கோடுகள் அதில் கலந்துவிடும். ஆனால் கிளாஸ்ப் எல்லோருக்கும் ஒரே கதைதான். ஒமேகாவின் கண்ணாடியில் இரு பக்கமும் ஒளி பிரதிபலிக்காத பூச்சு இருக்கிறது. டயல் கண்ணாடியே இல்லாதது போலத் தெரியும், ஆனால் வெளிப்பூச்சில் கோடு விழ வாய்ப்புண்டு. அதே வாட்சில் முட்களின் நடுவே ஓட்டை விட்டிருக்கிறார்கள், அலை வரைந்த டயல் மேல் ஓட்டை முள். ஒரு பார்வையில் மணி சொல்வதற்கு இது உதவவில்லை. பார்க்க அழகு, படிக்கச் சுமார். சப்மரீனரும் பிளாக் பேயும் இதில் தெளிவாக ஜெயிக்கின்றன.

எதை வாங்கினாலும் சர்வீசுக்குக் கொடுக்கும்போது, பாலிஷ் வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பாலிஷும் கேஸின் விளிம்புகளைக் கரைக்கிறது. ரோலெக்ஸ் சுமார் பத்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் போதும் என்கிறது, ஒமேகா ஐந்திலிருந்து எட்டு. ஆனால் தினமும் தண்ணீரில் நனைப்பவர் அதுவரை காத்திருக்கக் கூடாது. தண்ணீரைத் தடுப்பவை சின்ன ரப்பர் வளையங்கள்தான். சோப்பும் வெந்நீரும் அவற்றை மெல்ல மெல்லக் கெடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்தால் போதும். உள்ளே தண்ணீர் போவதற்கு இன்னொரு முக்கியக் காரணம், நேரம் வைத்துவிட்டுக் கிரவுனைத் திருகி மூட மறப்பது. 300 மீட்டர் வாட்சும் அப்போது வாஷ்பேசினுக்குத் தாங்காது.

வாங்குவதும் வைத்திருப்பதும்

ஒமேகாவும் டியூடரும் போனால் பெரும்பாலும் வாங்கிவிடலாம். ரோலெக்ஸ் கடையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும், எவ்வளவு காலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் காத்திருப்பை ஒரு கௌரவம் போல ஆக்கிவிட்டார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. மறுவிற்பனையில் சப்மரீனர்தான் விலையை நன்றாகப் பிடித்து நிற்கும். மற்ற இரண்டும் கடையை விட்டு வெளியே வந்ததுமே ஒரு பங்கை இழக்கும். இதையே வைத்து ரோலெக்ஸை முதலீடு என்பார்கள். முதலீடு என்றால் பெட்டிக்குள் இருக்க வேண்டும். தினமும் கட்டி, கீறி, இடித்துத் தேய்ப்பதைப் பற்றித்தானே இங்கே பேச்சு?

அப்புறம், எல்லோருக்கும் தெரிந்த வாட்சைக் கட்டிக்கொண்டு எல்லா இடத்துக்கும் போக முடியாது. பேருந்திலும், தெரியாத ஊரிலும், நள்ளிரவிலும் சப்மரீனர்காரர் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்வார், அல்லது அன்றைக்கு வேறு வாட்ச் கட்டுவார். டியூடரை நின்று பார்ப்பவர்கள் வாட்ச் பைத்தியங்கள் மட்டும்தான். இத்தனைக்கும் டியூடரைத் தொடங்கியவர் ரோலெக்ஸைத் தொடங்கிய அதே ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப். 1954இல் டியூடர் பெயரிலேயே ஒரு சப்மரீனர் வந்தது, பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பாளர்கள் அதைக் கட்டினார்கள். குடும்பம் ஒன்றுதான், பெயரின் சத்தம் வேறு.

சரி, தீர்ப்பு. பொருளாக மட்டும் பார்த்தால், கிளாஸ்ப், தடிமன், துல்லியம், படிக்கும் தெளிவு எல்லாவற்றையும் கூட்டினால், சப்மரீனர் மூன்றிலும் மேல். ரோலெக்ஸின் கிரீடச் சின்னத்தை அழித்துவிட்டு என் முன்னால் வைத்தாலும் அதையே எடுப்பேன். ஆனால் தினமும் கட்ட ஒன்று என்று கேட்டால் என் பணம் டியூடர் பக்கம். அதிலும் பிளாக் பேயைத் தாண்டி, 2022இல் வந்த பெலகோஸ் 39க்குப் போய்விடுவேன். அதே 39 மி.மீ., பன்னிரண்டுக்குள் தடிமன், அதே 70 மணி நேரம், டைட்டானியம் என்பதால் கையில் எடையே தெரியாது, டி-ஃபிட் கிளாஸ்பும் உண்டு. அதன் டைட்டானியம் எஃகைவிடச் சீக்கிரம் கோடு வாங்கும், ஆனால் சாம்பல் நிற மங்கல் பரப்பில் அது உறுத்தாது. குறை சொல்ல வேண்டுமென்றால், அலுமினியத்தைப் புகழ்ந்த எனக்கு இதில் கிடைப்பது செராமிக் பெசல். லக் இடைவெளியும் 21 மி.மீ., ஸ்ட்ராப் தேடும் வேலை இங்கேயும் இருக்கிறது. மணிக்கட்டு பருமனாக உள்ளவருக்கும், காந்தத்தோடு மல்லுக்கட்டும் வேலை உள்ளவருக்கும் சீமாஸ்டர். கடைக்குப் போகும்போது காலையில் போகாதீர்கள். சாயங்காலம், கை நன்றாக வீங்கியிருக்கும் நேரத்தில் போய்க் கட்டிப் பார்த்துக் கண்ணிகளைக் கழற்றச் சொல்லுங்கள். காலையில் அளவெடுத்த பிரேஸ்லெட் மதியமே கடிக்கும்.