பழைய லாரி வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். என் 3,80,000 ரூபாய் போய்விட்டது

நேற்று ராத்திரிதான் கர்நாடகாவிலிருந்து சங்ககிரி வந்து சேர்ந்தேன். லாரியில் போனவன் பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன். இன்னும் சரியாகத் தூங்கவில்லை. பழைய வண்டி வாங்கிச் சொந்தமாக ஓட்டலாம் என்று நினைக்கிற டிரைவர்களுக்கு என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

14 வருஷம் அடுத்தவர் வண்டி ஓட்டியவன் நான். பழைய லாரி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2014 மாடல் பத்து சக்கர வண்டி ஒன்றைக் காட்டினார்கள். விலை 9,20,000. கையிலிருந்து 3,80,000 கட்டினால் மீதி 5,40,000-க்கு அவர்களே பைனான்ஸ் போட்டுத் தருவதாகப் பேச்சு. இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டேன், அடியில் படுத்து சேஸிஸ் பார்த்தேன், பத்து டயரையும் தடவிப் பார்த்தேன். வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதை இன்றைக்கும் சொல்வேன்.

ஆர்.சி. புக்கில் எச்.பி. என்ற இடத்தில், அதாவது வண்டி மேல் கடன் இருந்தால் எழுதுகிற இடத்தில், ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பேர் இருந்தது. கேட்டேன். கேட்காமல் இல்லை. "அது முடிஞ்சுபோன கடன் தம்பி, என்.ஓ.சி. வாங்குறதுதான் பாக்கி, பத்து நாளில் உன் கையில் தர்றேன்" என்றார் கடைக்காரர். என்.ஓ.சி. என்றால் கடன் பாக்கி இல்லை என்று பைனான்ஸ் கம்பெனி கொடுக்கிற கடிதம். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் மனைவியைப் பார்த்து, "அம்மிணி, நீங்க சாவியை வாங்குங்க, உங்க கைராசியில ஓடட்டும்" என்றார். முன் சக்கரத்துக்கு அடியில் அவரே குனிந்து எலுமிச்சம்பழம் வைத்தார். நாங்கள் கொடுத்த பணத்திலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து என் மகள் கையில் கொடுத்து மிட்டாய் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். குழந்தை கையில் காசு கொடுக்கிற மனுஷன் ஏமாற்றுவான் என்று எப்படி நினைக்க முடியும்?

அந்த 3,80,000-ல் 2,50,000 மனைவியின் நகை. ஆறு பவுன், கூட்டுறவு சொசைட்டியில் அடகு வைத்தது. மீதி நான் டிரிப் டிரிப்பாகச் சேர்த்தது. 3,00,000 ரொக்கமாகக் கேட்டார், கொடுத்தேன். 80,000 மட்டும் பேங்க் வழியாகப் போனது. 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய அக்ரிமென்டில் 'வண்டி உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி. படித்தேன், அதன் அர்த்தம் அப்போது உறைக்கவில்லை. புதுக் கடனுக்கு என்று மூன்று வெற்றுச் செக்கிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெளி மாநிலம் ஓட்டத் தேவையான நேஷனல் பர்மிட் முடிந்திருந்தது. வருஷத்துக்கு 16,500 ரூபாய், அதையும் நான்தான் கட்டினேன். பின் டயர் ஒரு ஜோடி மாற்றினேன். பத்து நாள் என்பது நாற்பது நாள் ஆனது, என்.ஓ.சி. வரவில்லை, புதுக் கடனும் வரவில்லை. நான் ஓடிக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் சேலத்திலிருந்து புனேவுக்கு ஜவ்வரிசி லோடு. ஹிரியூர் தாண்டி ஒரு டோல்கேட்டில் நான்கு பேர் வண்டிக்குக் குறுக்கே காரை நிறுத்தினார்கள். சீஸிங் ஆட்கள், தவணை கட்டாத வண்டியைப் பைனான்ஸுக்காகப் பிடிக்கிறவர்கள். செல்போனில் வண்டி நம்பரைக் காட்டி, ஏழு தவணை பாக்கி என்றார்கள். "நான் வாங்கிய வண்டிங்க இது" என்றேன். "ஆர்.சி.யில் உங்க பேர் இருக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். இல்லை. பழைய ஓனர் கடனை அடைக்காமலே விற்றிருக்கிறார், கடைக்காரரும் அடைக்காமலே என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார். லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிடக் கூலியும் வாடகையும் நான் கொடுத்தேன். வெயிலில் மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கேபினிலிருந்து என் துணிப்பையும் மகளின் போட்டோவும்தான் என்னோடு வந்தன.

கடைக்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "பதட்டப்படாதே தம்பி, சாயங்காலம் பேசறேன்." சாயங்காலம் எடுக்கவில்லை. மறுநாள், "பைனான்ஸ் மேனேஜர்கிட்டப் பேசிட்டேன், வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும்." வெள்ளிக்கிழமை கடைப் பையன் எடுத்து, "முதலாளி குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்காருங்" என்றான். பைனான்ஸ் ஆபீசில் கேட்டால், "உங்களுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம், கடன் வாங்கினவரைக் கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். போலீஸில், பத்திரம் இருக்கிறதே, இது சிவில் விவகாரம், வக்கீலைப் பார் என்றார்கள். கடைசியாக நேற்று கடைக்காரர் சொன்னது: "உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டிருக்கியே தம்பி." அதே தம்பிதான். குரல் மட்டும் வேறு.

3,80,000 ரூபாய். டிரைவர் சம்பளத்தில் இதைத் திரும்பச் சேர்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நகை வட்டி தனியாக ஏறுகிறது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் எச்.பி. இருந்தால் அந்தப் பைனான்ஸ் கிளைக்கு நீங்களே நேரில் போங்கள், பாக்கி எவ்வளவு என்று சீல் வைத்த தாளில் வாங்குங்கள். புரோக்கர் கையில் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே பணத்தைக் கட்டுங்கள். என்.ஓ.சி.யும் கடன் முடிந்தது என்று பைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட பாரம் 35-ம் கைக்கு வராமல் மீதிப் பணம் ஒரு ரூபாய்கூட விடாதீர்கள். ரொக்கம் வேண்டாம். வெற்றுச் செக் வேண்டவே வேண்டாம், நான் இன்று காலைதான் பேங்குக்கு ஓடி மூன்றையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பேர் மாறாத வண்டியில் லோடு ஏற்றாதீர்கள். டீசல், டயர், இன்சூரன்ஸ் கணக்கெல்லாம் எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாள். அக்ரிமென்ட், 80,000 போன பேங்க் ஸ்டேட்மென்ட், பர்மிட் கட்டிய ரசீது எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இதே மாதிரி கன்சல்டிங்கில் பணம் கொடுத்துவிட்டு என்.ஓ.சி.க்காகக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், நாளைக்கே அந்தப் பைனான்ஸ் ஆபீசுக்குப் போய் உங்கள் வண்டி நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.